நடுவர் நாவும் லயத்து அடுப்பும்

மலையகத்தின் படித்த இளைஞரிடையே அண்மைக் காலமாக ஒரு கருத்து வேரூன்றி வருகின்றது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயக் கூரைகளின் மேல் நிற்கும் செய்மதித் தட்டுகளின் வழியே வந்துசேரும் சமையற் போட்டிகளைக் கண்டு பிறந்த கருத்து அது. தோட்டத்து ரொட்டியும் இடிசம்பலும் கருவாட்டுக் குழம்பும் 'மாஸ்டர் செஃப்' போன்றதொரு மேடையில் ஏறுமாயின், ஏறியவற்றை நடுவர்கள் சுவைத்துப் பாராட்டுவாராயின், இருநூறு ஆண்டுகளாக மறுக்கப்பட்ட மதிப்பு இம்மக்களுக்குக் கிட்டிவிடும் என்பதே அதன் சாரம். இதற்கு எதிராக, இப்போட்டிகள் ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு, ஆராயத் தகாதவை என்று ஒதுக்கிவிடுவோரும் உளர்.

இரண்டாமவருக்கு விடை கூறுவது எளிது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தந்த நாட்டு வடிவம் பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடல் இயலாது. 2010ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் இப்போட்டியின் இறுதிச் சுற்றோடு மோதாதிருக்கும்பொருட்டு நாட்டின் பொதுத்தேர்தல் விவாதமே முன்னதாக நடத்தப்பட்டது. அத்துணைச் செல்வாக்குள்ள ஒன்று மக்கள் மனத்தில் எதனை விதைக்கின்றது என்று கேட்பது கற்றோரின் கடமையாகும். முதலாமவரின் கருத்தோ விரிவாக எதிர்க்கப்பட வேண்டியது. அதற்கு, இப்போட்டியின் பல்வேறு நாட்டு வடிவங்களை ஒப்புநோக்குதலே தக்க வழி.

இதன் தாயகம் பிரித்தானியா. 1990இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, 2005இல் புதிய வடிவம் பெற்றது. 2018ஆம் ஆண்டுப் போட்டியில், மலேசியாவிற் பிறந்த சலேகா காதிர் ஒல்பின் என்னும் பெண்மணி நாசி லெமாக்கோடு கோழி ரெண்டாங் சமைத்துவைத்தார். தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் நெடுநேரம் வேகவைத்து வற்றச்செய்யும் கறி ரெண்டாங். கோழியின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று அப்போதைய நடுவர்கள் குறை கண்டனர். அவர் போட்டியிலிருந்து நீங்கினார். வெந்து ஊறும் கறியில் மொறுமொறுப்பைத் தேடிய நா, தன்னை மனித குலம் முழுவதற்கும் பொதுவான நாவாகக் கருதிக்கொண்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒருங்கே கொதித்தெழுந்தன. அன்றைய மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக் குரல் கொடுத்தார். கோலாலம்பூரிலிருந்த பிரித்தானிய உயர்ஸ்தானிகரும் ரெண்டாங்கின் பக்கமே நின்றார். தீர்ப்பு நகைப்புக்கு இடமாயிற்று. ஆயின், அக்கறிக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களின் கறிக்காக எந்தப் பிரதமர் எழுவார்?

அவுஸ்திரேலிய வடிவம் 2009இல் தொடங்கியது. பிரித்தானிய வடிவத்தின் கடுமை இதிற் குறைவு. குடியேறியோரை அன்போடு வரவேற்கும் நாடு என்ற பிம்பத்தை அது நாள்தோறும் வரைந்து காட்டுகின்றது. சிங்கப்பூரிற் பிறந்த தமிழரும் சிறைச்சாலை உத்தியோகத்தருமான சசி செல்லையா 2018இல் அங்கே வாகை சூடினார். 2021இன் இறுதிச் சுற்றில், வங்காள மரபினரான கிஷ்வர் சௌத்ரி, புகையேற்றிய நீரோடு பாந்தா பாத்தைப் படைத்தார். தமிழர் பழைய சோறு என்று சொல்வதுதான் அது. உணவகங்களிற் காணக்கிடையாத எளிய உணவு என்று அவரே நேர்மையுடன் கூறினார், நடுவர்கள் உருகினர், அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. தோட்டத்து இளைஞரின் நம்பிக்கைக்கு உரமிட்ட காட்சி இதுவே எனலாம். அக்காட்சியின் அழகை மறுக்க வேண்டியதில்லை. எனினும் சோற்றுக்கு நீர் ஊற்றிவைத்த உழவன் சுவைக்காக மட்டும் ஊற்றினானல்லன். எஞ்சியதை எறிய அவனுக்கு வகையில்லை; விடியலில் மீண்டும் உலையேற்ற விறகும் நேரமும் இல்லை. மேடைக்கு வந்தபோது சுவை வந்தது. காரணம் வயலிலேயே தங்கிவிட்டது.

இந்திய வடிவம் 2010இல் இந்தியில் தொடங்கிற்று. 2015இல் ஒளிபரப்பான அதன் நான்காம் தொடர் முற்றிலும் மரக்கறிப் போட்டியாக நடத்தப்பட்டது. மீனும் இறைச்சியும் உண்ணும் கோடிக்கணக்கானோரின் அடுப்புகள் ஒரே விதியால் வெளியே நிறுத்தப்பட்டன. சாதித் தூய்மை போட்டி விதியாக உருமாறிய இவ்விடத்தில், கருவாட்டுக்கு வாசல் எங்கே? 2021இல் சன் தொலைக்காட்சியில் நடிகர் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கத் தமிழ் வடிவம் வந்தது. தம் மொழி கேட்டு மலையகத்து வீடுகள் மகிழ்ந்திருப்பின் அது இயல்பே. ஆயினும் மொழி தமிழாயிற்றேயொழிய, போட்டியின் இலக்கணம் மாறவில்லை.

அவ்விலக்கணம் யாது? பிரித்தானியாவில் பேரரசின் நாவும், அவுஸ்திரேலியாவில் குடியேற்றக் கதையும், இந்தியாவில் சாதியும் என அந்தந்தச் சமூகத்தின் ஒழுங்கு போட்டிக்குள் படிந்திருக்கின்றது. இவ்வேறுபாடுகளுக்கடியில் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அனைவர்க்கும் ஒரே கடிகாரம், ஒரே பண்டசாலை, ஒரே வகை அடுப்பு. எனவே வெற்றி திறமைக்கே உரியது எனப்படுகின்றது. அரங்கின் வாசலுக்கு உள்ளே மட்டும் நிலவும் இச்சமத்துவத்தை உலகின் இயல்பாகக் காட்டுவதே இந்நிகழ்ச்சியின் மிகப் பெரிய பொய்யாகும்.

லயத்துச் சமையலை அதனோடு ஒப்பிடுக. குறுகிய காம்பராவின் மூலையிலோ, இஸ்தோப்பை மறைத்துக் கட்டிய ஒதுக்கிலோ அடுப்பு. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவந்த தேயிலைக் கட்டைகளே விறகு. புகை போக வழியின்றிச் சுவரிற் படிகின்றது. சமைப்பவளின் நெஞ்சிலும் படிகின்றது. விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் மீண்டும் அதே அடுப்பு. இக்கடிகாரத்தை நிறுத்தி நடுவர் எவரும் கைதட்டுவதில்லை. அவளை 'அமெச்சூர்' சமையற்காரி என்று அழைப்பதற்கும் வழியில்லை. பொழுதுபோக்காகச் சமைக்கும் உரிமை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மேடையேற்ற விரும்பப்படும் அந்த ரொட்டிதான் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் சோறுண்டவர்கள். தோட்டமே அரிசியை வழங்கி, அதன் பெறுமதியைக் கூலியிற் கழித்த காலம் ஒன்றிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு தடைப்பட, பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமை மா நாடெங்கும் மேலும் பரவியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அதே மாவின் விலை ஏறியபோது, ரொட்டியின் கனமும் எண்ணிக்கையும் குறைந்தன. கோதுமை அயல்நாட்டுப் பயிர். சம்பலுக்கான தேங்காயோ மலையுச்சிக் குளிரில் காய்ப்பதில்லை, கீழ்நாட்டிலிருந்து விலைக்கு வருவது. ஆகவே இவ்வுணவைத் 'தொன்மைப் பாரம்பரியம்' என்று தட்டிலே அலங்கரிப்போர் வரலாற்றைத் திரித்தவராவர். பங்கீட்டுப் புத்தகமும் சம்பளச் சீட்டும் சேர்ந்து எழுதிய உணவு அது. அதனையும் சுவையுடையதாக்கிய கைத்திறன் போற்றத்தக்கது. அத்திறனைக் கட்டாயமாக்கிய வறுமை போற்றத்தக்கதன்று.

பிரித்தானியத் தொலைக்காட்சி மலையகத்து அடுப்பை முன்னரே ஒருமுறை நாடிவந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1973இல் கிரனாடா நிறுவனத்தின் நிகழ்ச்சியொன்று, பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களில் நிலவிய வறுமையைத் தேநீர் அருந்தும் பிரித்தானியருக்கு எடுத்துக்காட்டிற்று. அன்றைய படக்கருவி உணவுக்கு முன்னாற் சம்பளத்தைக் கேட்டது. சமையற் போட்டியின் படக்கருவியோ தட்டின் விளிம்பைத் தாண்டி நோக்குவதில்லை.

சுவைத்துத் தீர்ப்பளித்தல் தோட்டத்துக்குப் புதிதுமன்று. 1883இற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய நாள்முதல், மலைக்கொழுந்தின் பெறுமதியைத் தரகரின் நாவும் கொள்வோரின் கையும் முடிவுசெய்து வந்துள்ளன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரல்களுக்கு அவ்வறையில் இடமில்லை. உயர்தரத் தூள் கப்பலேற, அவள் வீட்டிற் கொதிப்பது சாயத் தண்ணீர். நாவொன்று அமர்ந்து தீர்ப்புக் கூற, உழைத்தவள் நின்று காத்திருக்கும் ஒழுங்கினை நன்கறிந்த மக்களுக்கு, அதே ஒழுங்கை விளக்கொளியிட்டுக் காட்டி விடுதலை என்பது பொருந்துமா?

"வெட்கத்தையாவது அது போக்குமே, பள்ளியில் ரொட்டிப் பொதியை ஒளித்து உண்ணும் பிள்ளை நிமிர்ந்து உண்ணுமே" என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் ரொட்டி தானாக வெட்கத்தைப் பிறப்பிப்பதில்லை. தோட்டத்தானை இழிவாக நோக்கிய கண்ணே அதனைப் பிறப்பித்தது. அதே இடத்தில் அமர்ந்த ஒருவர் நன்று என்று சொன்னதும் நீங்கும் வெட்கம், அவர் முகஞ்சுளித்ததும் திரும்பி வரும். பாராட்டினால் வந்த மதிப்பு பாராட்டுபவரின் உடைமையாகவே இருக்கும்.

நாளை இலங்கையிலும் அத்தகைய மேடையொன்று அமைந்து, பொகவந்தலாவையிலிருந்தோ இராகலையிலிருந்தோ ஒரு பெண் அதிலேறினால், அவளைத் தடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவள் வெல்லட்டும், பரிசுப் பணம் அவள் குடும்பத்தைக் காக்கட்டும். ஆயின் ஒருத்தி வென்றதை ஒரு சமூகம் வென்றதாகக் கணக்கெழுதலாகாது. நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது; 2021இலேயே அது கைகூடிற்று. தமிழ் மாஸ்டர் செஃப் ஒளிபரப்பான அதே ஆண்டு அது. அவ்விரண்டில் எது ஓர் அடுப்பை மாற்றவல்லது என்பதைத் தோட்டத்துக் குடும்பம் எதுவும் ஐயுறாது.

புகைபோக்கியுள்ள தனிச் சமையலறை, காணியுரிமையுடன் கூடிய தனி வீடு, மாவும் அரிசியும் தேங்காயும் கடனின்றி வாங்கப் போதுமான சம்பளம் ஆகியவையே மலையகச் சமையலின் முதற் கோரிக்கைகள். தேயிலை மலைகளுக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. லயந்தோறும் சென்று, எந்த ஆண்டில் எவ்வுணவு வந்தது, எவ்விலையில் வந்தது, எது வாராது போயிற்று என்பதை மூத்தோர் வாய்மொழியாகத் திரட்டிப் பதிவுசெய்தல் வேண்டும். சுவைக்கு மதிப்பெண் வழங்க நடுவர்கள் பலர் உளர்; சமைத்தவளின் கூலி எவ்வளவு என்று கேட்போரே இன்று தேவைப்படுகின்றனர்.