கதவைத் திறங்கள், காதை மூடுங்கள்!

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? கர்ப்பம் ஏதாவது கலைந்ததா? குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கிறீர்களா? வீட்டுக்காரர் கை நீட்டுவாரா?"

முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? "இதெல்லாம் இவளுக்கு எதுக்கு?" என்று சங்கரன்கோவில் தெருவில் மட்டும் அல்ல, எந்த ஊரிலும் கேட்கத்தான் செய்வார்கள்.

எதற்கு என்று தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். மீதிப் பாதியைக் குறைக்க வேண்டியது அரசாங்கம்.

என்ன ஆய்வு?

இதற்குப் பெயர் தேசிய குடும்ப நல ஆய்வு. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துகிறது. முதல் ஆய்வு 1992-93ல் நடந்தது. அதற்குப் பிறகு 1998-99, 2005-06, 2015-16, 2019-21 என்று நடந்து, ஆறாவது ஆய்வுக்கு 2023-24ல் வீடு வீடாகப் போனார்கள். இனியும் வருவார்கள்.

15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் கேட்கிறார்கள். சில வீடுகளில் 15 முதல் 54 வயது வரை உள்ள ஆண்களிடமும் கேள்வி உண்டு. ஐந்தாவது ஆய்வில் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தமும் எடுத்துச் சோதித்தார்கள். அந்த ஒரு ஆய்வில் மட்டும் நாடு முழுவதும் 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 7 லட்சத்து 24 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள்!

22 வீடு

எல்லா வீட்டுக்கும் வருவது இல்லை. ஒரு கிராமத்தையோ, நகரத்தில் சில தெருக்கள் சேர்ந்த ஒரு பகுதியையோ எடுத்துக்கொள்வார்கள். அங்கே உள்ள வீடுகளைப் பட்டியல் போட்டு, அதில் 22 வீடுகளை மட்டும் பொறுக்குவார்கள். ஜாதி பார்த்து அல்ல. கட்சி பார்த்து அல்ல. சீட்டுக் குலுக்கி எடுப்பது மாதிரி.

"எங்க வீட்டை விட்டுட்டு அடுத்த வீட்டுல கேளுங்க" என்றால் அது நடக்காது. மாற்று வீடு கிடையாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோறு உங்கள் வீடு என்றால், உங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நீங்கள்தான் பேசுகிறீர்கள்.

பழைய பயம்

வயதானவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அது காரணம் இல்லாத பயம் அல்ல. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில், நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. முக்கால்வாசிப் பேர் ஆண்கள். பல இடங்களில் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்தவர்கள், "பிள்ளை எத்தனை?" என்று சர்க்கார் ஆள் கேட்டால் பின்வாங்கத்தான் செய்வார்கள்.

இன்றைய பயம் வேறு. மோட்டார் சைக்கிள் இருக்கா, பிரிட்ஜ் இருக்கா என்று கேட்டால், ரேஷன் கார்டை வெட்டிவிடுவார்களோ, மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்ற பயம்.

இந்த ஆய்வுக்கும் கார்டுக்கும் தொகைக்கும் சம்பந்தம் இல்லை. பதில் சொன்னவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. இன்னொன்று: இது கட்டாயமும் இல்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு 1948ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதில் பதில் சொல்லியே ஆக வேண்டும். (அதிலும்கூட, வழக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லாத பெண், சொல்ல வேண்டாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்!) குடும்ப நல ஆய்வில் முதலில் சம்மதம் கேட்பார்கள். பிடிக்காத கேள்விக்கு, "சொல்ல விருப்பம் இல்லை" என்று சொல்லலாம். நடுவில் நிறுத்திவிடவும் செய்யலாம்.

கேட்டதால் தெரிந்தது

அப்படியானால் ஏன் பதில் சொல்ல வேண்டும்? கேட்டதால் என்ன தெரிந்தது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2015-16ல் 100 பிரசவத்தில் 34 ஆபரேஷன் பிரசவம். 2019-21 ஆய்வில் அது 45! தனியார் ஆஸ்பத்திரிகளில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 21.5தான். வயிற்றைக் கிழித்தவர்கள் தாங்களாக வந்து இப்படி ஒரு கணக்கை வாசிக்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள் சொன்னார்கள்.

கல்யாணமான பெண்கள் 100 பேரில் 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? ஆயிரத்தில் ஒருவர்! ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். எமர்ஜென்சிக்குப் பிறகு ஆண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சுமை முழுவதும் பெண் தலையில் இறங்கிவிட்டது.

100 பெண்களில் 53 பேருக்கு ரத்த சோகை. தறி வீட்டில் நிற்பவளும், பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருப்பவளும், "அசதியா இருக்கு" என்று சொன்னால் சோம்பேறி என்று திட்டுகிறோமே, அவர்களில் எத்தனை பேர் இந்த 53ல் இருக்கிறார்கள்?

போலீசுக்குத் தெரியாதது

போலீஸ் நிலையத்தில் எழுதப்பட்டால்தான் குற்றம் என்று நினைக்கிறோம். பெண்களுக்கு என்றே 1992ல் இருந்து தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே படியேறுபவர்கள் எத்தனை பேர்?

2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள கல்யாணமான பெண்கள் 100 பேரில் 38 பேர், கணவனிடம் அடி உதையோ பாலியல் கொடுமையோ பட்டிருப்பதாகச் சொன்னார்கள். இந்தியா முழுவதும், கொடுமைக்கு ஆளான பெண்களில் 100க்கு 77 பேர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. உதவி தேடிப் போனவர்கள் 14 பேர்தான்.

"வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று சொல்லி ஊர் ஒதுங்கிக்கொள்கிறது. புகார் இல்லாததால் போலீசும் ஒதுங்கிக்கொள்கிறது. தாய்க்கும் கூடப்பிறந்தவளுக்கும் சொல்லாததை, கேள்வித்தாளோடு வந்த ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு யாரும் இல்லை!

பக்கத்தில் யார்?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நம் ஜனங்கள் கதவைச் சாத்துபவர்கள் அல்ல. ஐந்தாவது ஆய்வில் 100க்கு 98 வீடுகள் பதில் சொல்லியிருக்கின்றன. கதவைத் திறந்துவிடுகிறோம். திறந்துவிட்டு, கூடவே உட்கார்ந்துகொள்கிறோம்.

"அம்மா, உங்க மருமககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்."

"அவகிட்ட என்ன தனியா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட கேளுங்கம்மா, நான் சொல்லுதேன்."

இதுதான் பல வீட்டு நிலவரம். மாமியார் உட்கார்ந்திருக்கும்போது, "ரெண்டாவது பிள்ளை வேண்டாம்னு நினைச்சேன்" என்று எந்த மருமகள் சொல்வாள்? புருஷன் நிலைப்படியில் சாய்ந்து நிற்கும்போது, "அடிப்பாரா?" என்றால் "சே, சே!" என்றுதான் பதில் வரும்.

அதனால்தான் கொடுமை பற்றிய கேள்வியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், அவள் தனியாக இருந்தால் மட்டும் கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். யாராவது உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். விதி சரி. தறி ஒரு பாதி, அடுப்பு ஒரு பாதியாக இருக்கும் ஒற்றை அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? வீட்டில் உள்ளவர்கள்தான் மனது வைக்க வேண்டும்.

பெரியம்மாமார்களே, அந்த ஒரு மணி நேரம் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அண்ணாச்சிமார்களே, டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடியுங்கள். சாயங்காலப் பேப்பர் வேறு எதற்கு இருக்கிறது? உங்களைக் கேள்வி கேட்க வந்தால் மட்டும் ஓடாதீர்கள். பெண்களில் 100க்கு 97 பேர் பதில் சொன்ன ஆய்வில் ஆண்கள் 92 பேர்தான் சொன்னார்கள்!

உஷார்!

கதவைத் திற என்றால் கண்ணை மூடிக்கொண்டு திற என்று அர்த்தம் அல்ல. கணக்கெடுக்க வந்ததாகச் சொல்லி ஏமாற்றும் கூட்டமும் உண்டு. முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ, வார்டு கவுன்சிலரிடமோ விசாரியுங்கள்.

வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று ஆய்வில் கேட்பார்கள். கணக்கு நம்பரைக் கேட்க மாட்டார்கள். போனில் வரும் ஓ.டி.பி., ஏ.டி.எம். கார்டு நம்பர், பணம், கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் கேட்டால் அது ஆய்வு அல்ல, மோசடி. உடனே போலீசுக்குப் போன் 100. பணம் போயிருந்தால் சைபர் குற்றப் பிரிவுக்கு 1930.

அரசுக்கு இரண்டு வார்த்தை

ஆள் வருவதற்கு முன்பே தகவல் வர வேண்டும். நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களில் நோட்டீஸ் ஒட்டுங்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள். திடீரென்று வந்து நின்றால் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

அடுத்தது, கேட்டு வாங்கிய பதிலைக் கொடுத்தவர்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22ந் தேதி. ஐந்தாவது ஆய்வோ பழைய 32 மாவட்டக் கணக்கில் நடந்தது. ஆகவே சங்கரன்கோவில் பெண்கள் சொன்னதெல்லாம் திருநெல்வேலிக் கணக்கில் கரைந்து கிடக்கிறது. இனிமேல் தென்காசிக் கணக்கைத் தனியாக, தமிழில், ஒரே பக்கத்தில் அச்சிட்டு, அரசு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுங்கள். நம் மாவட்டத்தில் 100 பிரசவத்துக்கு எத்தனை ஆபரேஷன் என்று, வரிசையில் நிற்கும் கர்ப்பிணியும் படிக்கட்டும். உள்ளே இருக்கும் டாக்டரும் படிக்கட்டும்.

அந்தக் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றால் பதில் மருமகள் வாயிலிருந்து வர வேண்டும். மாமியார் சொன்னால் அது மாமியார் கணக்கு. நாட்டுக்கு வேண்டியது மருமகள் கணக்கு!