பெயர் சூட்டுமுன்

கடலோரத்தில், முன்னர் எவரும் கண்டிராத சிறு சிப்பியொன்று அகப்படுகிறது. அதனைப் புதிய இனமென்று உடனே அறிவித்துவிடலாமா? கூடாது. பழைய ஏடுகளையும் நூதனசாலைப் பெட்டிகளையும் துருவிப் பார்த்த பின்னரே பெயர் சூட்டல் வேண்டும். இதற்கோர் உதாரணம் கூறுவோம்.

2018ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவிலே கலிபோர்னியாக் கரையிலுள்ள நேப்பிள்ஸ் முனையில், ஜெஃப் கொடார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் கற்களைப் புரட்டி, ஓடற்ற கடல் நத்தைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பொழுது, ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நீளமான, ஒளி ஊடுருவும் இரு சிப்பிகள் தென்பட்டன. வெண்கோடிட்ட பாதத்தை அவை ஓட்டுக்கு வெளியே நீட்டியிருந்தன. அவர் படம் பிடித்துக்கொண்டு அவற்றை அங்கேயே விட்டுவிட்டார். படத்தைக் கண்ட சிப்பியியல் அறிஞர் போல் வலன்டிச்-ஸ்கொட், புதிய இனமோவென்று வியந்தார். படம் மட்டும் போதாதே! கொடார்ட் பன்முறை சென்று தேடி, 2019 மார்ச்சில் ஒன்றைக் கொணர்ந்தார்.

ஆயின், பெயர் முன்பே இருந்தது. 1937இல் ஜோர்ஜ் வில்லெற் என்பவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அகப்பட்ட உயிர்ச்சுவட்டு ஓட்டைக் கொண்டு இவ்வினத்தை விவரித்து, எட்னா குக் என்ற சேகரிப்பாளரின் நினைவாகக் 'குக்கி' எனப் பெயரிட்டிருந்தார். நூதனசாலையிலிருந்த அம்மூல ஓட்டோடு ஒப்பிட்டதும் ஐயம் தீர்ந்தது. உயிர்ச்சுவடாக மட்டுமே அறியப்பட்ட சிப்பி உயிரோடிருப்பதை 2022இல் உலகம் அறிந்தது.

புதிய இனம் கண்ட பெருமை போயிற்று. அதனிலும் அரிய உண்மை கிடைத்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஓட்டைக் குறிப்போடு காத்துவைத்தமையாலன்றோ இது கைகூடிற்று! மாணவர்களே, நீங்கள் சேகரிக்கும் பொருளுக்கும் இடமும் நாளும் எழுதிவைக்க மறவாதீர்கள்.