பேசின் பிரிட்ஜ் வெள்ளமும் ஒற்றை எண்ணின் மயக்கமும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடற்கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தபோது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலான ரயில் பாலத்தின் அடியில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சென்ட்ரலுக்கு வர வேண்டிய ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2024 அக்டோபர் மழையிலும் இதே பகுதியில் தண்ணீர் தேங்கியதால் ரயில்கள் ரத்தாயின. ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாயில் வந்து கலக்கும் தாழ்வான பகுதி இது. இனி இங்கே எவ்வளவு மழைக்குத் தயாராக இருக்க வேண்டும்?

பாலத்தை எவ்வளவு உயர்த்துவது, வடிகாலை எவ்வளவு அகலப்படுத்துவது என்று முடிவெடுக்க வேண்டிய பொறியாளருக்கு ஓர் எண் தேவை. காலநிலை மாதிரிகளோ எண்ணைத் தருவதில்லை. எண்களின் வரம்பைத் தருகின்றன. அந்த வரம்பைக் காட்டி, ‘அறிவியலாளர்களுக்கே தெரியவில்லை’ என்று கைவிரிப்போர் உண்டு. வரம்பை மறைத்துவிட்டு, ஒற்றை எண்ணை அறிக்கையில் அச்சிடுவோரும் உண்டு. நம் ஊர்ச் சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது வகை.

மாதிரிகள் உறுதியாகச் சொல்வது எது, தடுமாறுவது எங்கே என்பதைப் பிரித்தறிவது அவசியம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், சுமார் 7% கூடுதலான நீராவியை அதனால் தாங்க முடியும். இது அடிப்படை இயற்பியல், இதில் ஐயமில்லை. ஆகவே, கனமழை மேலும் கனமாகும் என்பதும் ஏறக்குறைய உறுதி. எவ்வளவு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வளிமண்டலத்தில் கரியமில வாயு இரட்டிப்பானால் புவியின் வெப்பம் 1.5 முதல் 4.5 டிகிரி வரை உயரக்கூடும் என்று 1979-ல் அமெரிக்காவில் சார்னி தலைமையிலான குழு மதிப்பிட்டது. 2021-ல் வெளியான ஐபிசிசி ஆறாவது அறிக்கை அதை 2.5 முதல் 4 டிகிரி வரை என்று சுருக்கியது. இந்த அளவுக்குச் சுருக்குவதற்கே 42 ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் கணினிகளின் ஆற்றல் பல மடங்கு பெருகியிருந்தது.

மேகம்தான் பெரிய தடை. உலகக் காலநிலை மாதிரிகள் புவியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கி.மீ. அளவில் இருக்கும். அதாவது ஒரு கட்டம் ஏறத்தாழ 10,000 சதுர கி.மீ.; பெருநகர சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்போ 426 சதுர கி.மீ. பேசின் பிரிட்ஜ், மணலி, எண்ணூர், ஏன் தாம்பரமும்கூட மாதிரியின் கண்ணுக்கு ஒரே புள்ளிதான். சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமேகம் அந்தக் கட்டத்துக்குள் தொலைந்துபோகும். எனவே, மேகத்தை நேரடியாகக் கணக்கிடாமல், தோராயமான சூத்திரங்களால் ஈடுகட்டுகிறார்கள். ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக ஈடுகட்டுவதால் விடைகள் வேறுபடுகின்றன.

2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் மேகவெடிப்பு நிகழ்ந்தது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதே இரவில் நகரின் தென்பகுதியில் அந்த அளவு மழை இல்லை. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 6 கி.மீ. கட்டங்களில் கணிக்கும் பாரத் முன்கணிப்பு அமைப்பை மத்திய அரசு தொடங்கிவைத்திருந்தது. சில நாள்களுக்கான வானிலைக் கணிப்புக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால், ஒரு மேகவெடிப்பைப் பிடிக்க அந்தக் கட்டமும் பெரிதுதான். நூறாண்டுக்கான காலநிலைக் கணக்கை அத்தனை நுணுக்கமாக ஓட்டிப்பார்க்க இன்றைய கணினிகளுக்கு வலுவில்லை.

மேகத்தைவிட நமக்கு நெருக்கமான இன்னொரு நிச்சயமின்மை உண்டு. அது அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகளிலிருந்து நாள்தோறும் வெளியேறுகிறது. நிலக்கரியை எரிக்கும்போது வரும் கரியமில வாயு புவியைச் சூடாக்குகிறது. உடன்வரும் சல்ஃபர் டையாக்சைடு நுண்துகள்களாக மாறிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. உலக அளவில் இந்த நுண்துகள்களின் குளிர்விக்கும் விளைவு சதுர மீட்டருக்கு 0.4 முதல் 1.7 வாட் வரை இருக்கலாம் என்கிறது ஐபிசிசி. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே நான்கு மடங்குக்கும் மேல் வித்தியாசம்!

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1 மழையைப் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று ஆராய்ந்தது. ஐஐடி டெல்லியின் பங்களிப்பும் அதில் இருந்தது. அந்த மழையில் புவி வெப்பமாதலின் தடத்தைக் காண முடியவில்லை என்று அக்குழு 2016-ல் தெரிவித்தது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பெரிதாகச் சூடேறவில்லை. பசுங்குடில் வாயுக்களின் விளைவைக் காற்றிலுள்ள நுண்துகள்கள் ஈடுசெய்திருக்கலாம் என்பதே அவர்கள் தந்த விளக்கம். இதைக் காலநிலை மாற்றமே இல்லை என்பதற்கான சான்றாகப் படிப்பது தவறு. நுண்துகள்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். புகைத்திரை விலகினால், அது மறைத்துவைத்த வெப்பம் விரைவாக வெளிப்படும். அதற்காகப் புகை தொடரட்டும் என்று எவரும் வாதிட முடியாது. அதைச் சுவாசிப்பவர்கள் எண்ணூரின் குழந்தைகள்.

ஆனால், திரை எப்போது விலகும்? சல்ஃபர் டையாக்சைடுக்கான உச்சவரம்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்ததும் அதே 2015 டிசம்பரில்தான். இரண்டு ஆண்டுகள் என்றிருந்த கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான அனல் மின்நிலையங்களுக்கு இந்த வாயுவைப் பிரித்தெடுக்கும் கருவியைப் பொருத்துவதிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. வங்கக் கடலின் வருங்கால வெப்பநிலையைக் கணிப்பவர், இயற்பியலோடு அரசிதழையும் முன்கூட்டியே படிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு தடுமாற்றத்துக்கு நடுவில் ஒற்றை எண்ணை வெளியிட்டால் என்ன ஆகும்? 2022-ல் மக்கள் கருத்துக்காக வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்ட வரைவு, ஐந்தே ஆண்டுகளில் கடல்மட்டம் 7 செ.மீ. உயர்ந்து, கடற்கரையில் 100 மீட்டர் மூழ்கும் அபாயம் இருப்பதாகக் குறிப்பிட்டது. அது ஆண்டுக்கு 14 மி.மீ. 2006 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு ஆண்டுக்கு 3.7 மி.மீ. மட்டுமே. அந்த எண் தலைப்புச் செய்தியானது. இத்தகைய கெடு ஒன்று நடக்காமல் கடந்துபோனால், அடுத்த எச்சரிக்கையை யார் நம்புவார்கள்? 2100-க்குள் கடல்மட்டம் 28 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை உயரலாம், பனிப்பாளங்கள் வேகமாகச் சரிந்தால் இரண்டு மீட்டரைக்கூட மறுப்பதற்கில்லை என்பதே ஐபிசிசி தரும் சித்திரம். தலைப்புச் செய்திக்கு அது தோதாக இல்லாமல் போகலாம். துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் தளமட்டம் குறிப்பவர் அறிந்திருக்க வேண்டியது அதைத்தான். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடல் அரிப்புக்கோ மாதிரியே தேவையில்லை. தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மறித்ததன் விளைவு அது.

மணலி, திருவொற்றியூர், மாதவரம் பகுதிகளை உள்ளடக்கிய கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ₹3,220 கோடியில் மழைநீர் வடிகால்கள் கட்டப்படுகின்றன. ஆசிய வளர்ச்சி வங்கி இதற்கு 2021-ல் 25.1 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. கான்கிரீட் வடிகால் பல பத்தாண்டுகள் நிற்கும். அதன் அகலத்தை அடுத்த ஐபிசிசி அறிக்கை வந்ததும் மாற்ற முடியாது. அகலத்தை மாற்ற முடியாத இடத்தில், வெள்ளம் மிஞ்சினால் அது எங்கே போகும் என்பதையும் வடிவமைப்பில் சேர்ப்பதுதான் வரம்பை மதிக்கும் பொறியியல். வட சென்னையில் அப்படி மிஞ்சிய நீரை வாங்கிக்கொள்ள எண்ணூர் கழிமுகமும் அதைச் சூழ்ந்த சதுப்பு நிலமும் இருந்தன. அவற்றின் பெரும்பகுதியை நிலக்கரிச் சாம்பலும் தொழிற்சாலை மனைகளும் தின்றுவிட்டன. மிக்ஜாம் வெள்ளம் மணலியிலிருந்து கச்சா எண்ணெயையும் சுமந்துகொண்டு அந்தக் கழிமுகத்துக்குத்தான் போனது. எந்த மாதிரியின் சமன்பாட்டிலும் இல்லாத காரணி அது.

மழை 10% கூடினாலும் 30% கூடினாலும் சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை ஆழப்படுத்துவது தேவைப்படும். அதற்கு மாதிரிகள் தெளிவடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வடிகால் திட்டம் எந்த மழையளவுக்கு, எந்தக் கடல்மட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும், அதைத் தாண்டினால் எந்தெந்தத் தெருக்களில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்னும் வரைபடத்தை மாநகராட்சி ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் தமிழில் ஒட்டிவைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அதைச் செய்வது நல்லது.