சாக்கின் மேல் இருக்கும் சொத்து



நம் சொத்து எது என்று கேட்டால் கட்டிடம், கல்லா, இருப்புச் சரக்கு என்று வரிசையாகச் சொல்வோம். சாக்கின் மேல் அச்சடித்த மார்க்கை யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. கைவிட்ட பிறகுதான் அதன் மதிப்பு தெரிந்தது. என் தவறு நாலு பேருக்குப் பாடமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1964-ல் என் தகப்பனார் அரிசி மண்டி தொடங்கியபோது 'மரக்கால் மார்க்' என்று சாக்கில் அச்சிட்டார். பதிவு செய்யவில்லை. "ஊருக்கே தெரியும், பதிவு எதற்கு?" என்பார். நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு பெற்ற பிராண்டு பெயரில் பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி. செப்டம்பரில் விதியை இறுக்கினார்கள். பதிவு இல்லாத மார்க்காக இருந்தாலும், அதன் மேல் வழக்காடும் உரிமை இருந்தால் வரி உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்து, சாக்கிலும் அப்படியே அச்சிட்டால் வரி இல்லை. கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் சில்லறைக் கடைக்காரர் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். எனவே கையெழுத்துப் போட்டேன்.

2022 ஜூலை 18 முதல் கணக்கே மாறியது. பிராண்டு என்ற பேச்சு போய், 25 கிலோ வரை முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கெல்லாம் 5 சதவீதம் என்றார்கள். 26 கிலோ சிப்பம் பிறந்த கதை உங்களுக்கே தெரியும். எந்த வரிக்குப் பயந்து மார்க்கை விட்டேனோ, அந்த வரி மார்க்கைக் கேட்பதையே விட்டுவிட்டது. ஆனால் நான் விட்டது விட்டதுதான்.

அடுத்த ஆண்டு நெடுநாள் வாடிக்கைக் கடைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, இந்தத் தடவை உங்கள் அரிசி சரியில்லையே" என்றார். போய்ப் பார்த்தேன். மரக்கால் படம் இருந்தது, மூட்டை என்னுடையதல்ல. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் போட்டது. நியாயம் கேட்கப் போனேன். அவர் என்னுடைய பழைய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, உரிமையை விட்டேன் என்று நான் அச்சிட்ட வரியை எனக்கே படித்துக் காட்டினார். வாயடைத்துத் திரும்பினேன்.

பதிவு ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து வேறொருவர் பதிவு வாங்கி வியாபாரம் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு வைத்திருப்பவரைக் காட்டிலும் முன்னதாகப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று 2015 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. ஆனால் முன்னதாகப் பயன்படுத்தினோம் என்பதை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தால் காட்ட வேண்டும். என் தகப்பனார் காலத்துப் பில் புத்தகங்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தை வைத்துத்தான் இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். அந்த நண்பர் எதிர்ப்புத் தெரிவிப்பார் என்பதும் தெரியும்.

பதிவு பெரிய கம்பெனிகளுக்கு என்பது தவறு. 2017 விதிகளின்படி, தனி நபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். அரிசி, மாவு, மசாலா, தேயிலை 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. கிண்டியில் அலுவலகம் இருக்கிறது. பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், அதை நீக்கச் சொல்லிப் பிறர் மனுப் போடலாம். பெயர் வைக்கும்போதும் யோசியுங்கள். 'பொன்னி' என்பது நெல்லின் பெயர்; அதை ஒருவர் தனதாக்க முடியாது. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம், நூடுல்ஸ் மசாலாவுக்கு 'மேஜிக்' என்ற சொல்லைப் பெரிய கம்பெனி ஒன்று உரிமை கொண்டாடியதையே ஏற்கவில்லை.

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. போலி மார்க் சரக்கைத் தெரிந்தே விற்றால் தயாரித்தவர் மட்டுமல்ல, விற்றவரும் மாட்டுவார். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ஏமாந்து வாங்கியிருந்தால், யாரிடம் வாங்கினீர்கள் என்று காட்ட வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய சரக்குக்கு எதைக் காட்டுவீர்கள்?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. வணிகச் சின்னப் பதிவிதழ் வாரந்தோறும் இணையத்தில் வருகிறது. அதில் விளம்பரமான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு கொடுத்தால்தான் உண்டு. தனித்தனியாக நம்மால் பார்க்க முடியாது; சங்கத்தில் ஒருவரை அமர்த்தி உறுப்பினர்களின் மார்க்குகளுக்காகப் பார்க்கச் சொல்லலாம். இரண்டாவது, ஒவ்வொருவரின் மார்க்கையும், தொடங்கிய ஆண்டையும், பழைய பில் நகலையும் சேர்த்துச் சங்கத்தில் ஒரு பேரேடு வைக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். அதற்கு முன் ஒவ்வொருவரும் பரணில் ஏறி, பழைய பில் புத்தகங்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள்.