பூண் முதலில், மூடி பிறகு

கையால் கடையும் பேனாக்களில் பூண் கூடிக்கொண்டே போகிறது. மூடியில் இரண்டு, உடலின் அடியில் ஒன்று என்று வாங்குபவர்களே கேட்டு வாங்குகிறார்கள். கேட்கட்டும். ஆனால் பேனாவைக் கடைந்து, மெருகேற்றி, எல்லாம் முடிந்த பிறகுதான் பூணை எங்கே ஏற்றலாம் என்று நம்மில் பலர் யோசிக்கிறோம். கோளாறு அங்கே தொடங்குகிறது.

பார்க்கர் நிறுவனம் 1921இல் டுவோஃபோல்டை வெளியிட்டபோது அதன் மூடியில் பூண் இல்லை. சில ஆண்டுகளுக்குள் தங்கப் பூண் வந்துவிட்டது. பூணில்லாத அந்தக் காலத்து எபோனைட் மூடி எதைக் கையில் எடுத்தாலும், பழுது பார்ப்பவர் கண் முதலில் வாயோரத்துக் கீறலைத்தான் தேடும். எழுதும்போது மூடியைப் பேனாவின் பின்பக்கம் செருகுகிறோம். சரிந்த உடல் ஆப்பு போல உள்ளே நுழைந்து வாயை விரிக்கிறது. உலக்கைக்குப் பூண் செய்யும் வேலையைத்தான் இங்கும் பூண் செய்யவேண்டும்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். வாய்ச்சுவரின் தடிமன் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பூண் மேற்பரப்போடு சமமாக உட்காரவேண்டும் என்று 0.5 மி.மீ. பள்ளம் எடுத்தால், சுவரில் பாதி போய்விட்டது. அதன்மேல் வளையத்தைத் தளர்வாக வைத்து ஒட்டினால் அது எதையும் தாங்காது. பூணே இல்லாத மூடி இதைவிட உறுதியானது. ஆகவே முதலில் பூணின் தடிமனையும் அகலத்தையும் முடிவுசெய்து, அதற்கேற்பச் சுவரைத் தடிமனாக விட்டுக் கடையுங்கள். உள்ளே மரை எங்கே முடிகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்; மரையின் பள்ளமும் பூணின் பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் கீறலுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது வெப்பம். எபோனைட் வெள்ளியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விரியும், சுருங்கும். 14 மி.மீ. மூடியில் 25 டிகிரி மாறினால் இரண்டுக்கும் இடையே 0.02 மி.மீ. அளவுக்கு வேறுபாடு வரும். சித்திரையில் சென்னையில் கிண்ணென்று ஏறிய பூண், ஐரோப்பியக் குளிரில் சுழல்வதற்கு இது போதும். இறுக்கத்தை மட்டும் நம்பாமல், பின்னால் அவலரக்கு பூசி ஏற்றுங்கள். எபாக்சி இன்னும் வலுவாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் நாளை பூணைக் கழற்ற நேர்ந்தால் மூடியை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். அரக்கு மிதமான சூட்டிலேயே இளகிவிடும்.

வெள்ளியைப் பற்றி வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். எபோனைட்டில் ஏறக்குறைய முப்பது விழுக்காடு கந்தகம். அதன்மேல் உட்கார்ந்த வெள்ளி கறுக்கத்தான் செய்யும். ரோடியம் பூச்சு தள்ளிப்போடும், அவ்வளவே. பளபளப்பு மாறக்கூடாது என்பவருக்கு எஃகோ டைட்டானியமோ சொல்லுங்கள், அல்லது அக்ரிலிக் மூடி கடைந்து கொடுங்கள். கறுத்த பூணை வெள்ளி கழுவும் திரவத்தில் மூடியோடு முக்கவேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். பழைய எபோனைட் வெறும் தண்ணீரில் ஊறினாலே பழுப்பேறும்.

மெருகேற்றுவதில் ஒரு சொல். உலோகத்தையும் எபோனைட்டையும் ஒரே தாளால் சேர்த்துத் தேய்த்தால் மென்மையானது முதலில் தேயும். நகத்தை ஓட்டினால் படி தட்டும். பூணைத் தனியாக மெருகேற்றிவிட்டு ஏற்றுவதே நல்லது.

விற்பனைச் சீட்டில் பூணின் உலோகத்தையும் ஒட்டிய பொருளையும் எழுதிக் கொடுங்கள். பின்னாளில் அந்த மூடியைக் கையில் எடுப்பவருக்கு எவ்வளவு சூடு காட்டலாம் என்பது தெரியவேண்டும்.