ஒரு கிண்ணத் தண்ணீர் போதுமா?



நாய், பூனை போலப் பச்சை இகுவானாவையும் சிலர் வீட்டில் வளர்க்கிறார்கள். இது மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த பெரிய பல்லி. கண்ணாடித் தொட்டியில் விட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் அது பிழைத்துக்கொள்ளுமா? பிழைக்காது என்பதே என் கருத்து.

காற்று ஏற்கும் நீராவியின் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை ஏற்கும். 40 டிகிரியில் சுமார் 51 கிராம். ஆகவே 30 டிகிரியில் நிறைவுற்றிருந்த காற்றை, நீர் சேர்க்காமல் 40 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 60 ஆகிவிடும். தொட்டிக்குள் வெப்ப விளக்கு எரியும்போதும் காற்று இப்படித்தான் வறள்கிறது.

இகுவானாவுக்குச் சுமார் 70 சதவீத ஈரப்பதமாவது வேண்டும். குறைந்தால் தோல் சரியாக உரியாது. ஒட்டிய தோல் விரல்களையும் வால் நுனியையும் வளையம்போல் இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்; அந்தப் பகுதி அழுகி விழுவதும் உண்டு. உடலில் நீர் குறைந்தே இருந்தால் சிறுநீரகமும் கெடும். அதற்காகக் காற்றோட்டமற்ற தொட்டியில் ஓயாமல் நீர் தெளித்தால் பூஞ்சை வளரும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கத்தரி வெயிலில் காற்று காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி உலர மறுக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் ஒரே அளவாகத் தெளிப்பது எப்படிப் பொருந்தும்? நம் ஊர் ஓணான் வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்ந்துவிடும். அரணை சருகுக்கடியில் புகுந்துகொள்ளும். தொட்டியில் அடைபட்ட பிராணி எங்கே போகும்? அதற்கு ஈரமான மூலை, உலர்ந்த மூலை, காற்றோட்டம், ஈரமானி ஆகிய எல்லாவற்றையும் வளர்ப்பவரே தர வேண்டும். தர முடியாதவர் வளர்க்கவே கூடாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். உடும்பையும் பச்சோந்தியையும் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட அச்சட்டப்படி, இகுவானா வைத்திருப்போர் அதை முறையாகப் பதிவு செய்ய வேண்டும்.

பல்லிகளைப் பற்றி அறியத் தொட்டி தேவையில்லை. பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றுங்கள். இரண்டும் காட்டும் அளவுகளின் வேறுபாடு கூடினால் காற்று வறண்டிருக்கிறது என்று பொருள். நண்பகலில் திறந்தவெளி நிழலிலும், ஓணான் ஒதுங்கும் புதரடியிலும் அளந்து பாருங்கள். அது ஏன் அங்கே போகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.