இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை

இறந்தவர் உடலைத் திரவ நைட்ரஜனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில் வைத்து, வருங்கால வைத்தியம் எழுப்பித் தரும் என்று காத்திருப்போர் மேல்நாடுகளில் உண்டு. 1967-ல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் பேராசிரியரின் உடல் முதன்முதலாக இவ்வாறு வைக்கப்பட்டது. 2024-ல் பக்கத்து ஆஸ்திரேலியாவிலும் இது தொடங்கிவிட்டது. இதுவரை எவரும் எழுந்ததில்லை. மயிலாப்பூர் சிவநேசர் மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் காத்தார். பூம்பாவை எழுந்தது சம்பந்தர் அருளால் அன்றோ!

ஆயினும் சிரித்துவிட்டுப் போகும் செய்தியல்ல இது.

2016-ல் லண்டனில், புற்றுநோயால் இறக்கும் தறுவாயிலிருந்த 14 வயதுச் சிறுமி, தன் உடலைக் குளிரில் காக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினாள். தாய் இசைந்தார், பிரிந்து வாழ்ந்த தந்தை முதலில் மறுத்தார். இருநூறு ஆண்டு கழித்து எழுந்தால் அவளுக்கு உறவென்று யார் இருப்பார்கள் என்பது அவர் கவலை. முடிவு செய்யும் உரிமையை நீதிபதி தாய்க்கே அளித்தார்.

பஞ்சாபின் நூர்மஹாலில் 2014 ஜனவரியில் ஆசுதோஷ் மகராஜ் இறந்துவிட்டார் என்றனர் வைத்தியர். சமாதியில் இருக்கிறார், திரும்புவார் என்று சீடர்கள் உடலைக் குளிர்பெட்டியில் வைத்தனர். மகன் என்று சொல்லி ஒருவர் ஈமக்கிரியைக்கு உடலைக் கேட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தகனம் செய்யச் சொன்ன உயர் நீதிமன்றம், 2017-ல் மேல்முறையீட்டில் உடலைக் காக்க அனுமதித்தது.

திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவருக்கு மகன் கருமாதி செய்வதா, திதி கொடுப்பதா? அதைச் சொல்லாமல் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. எழுப்பப்போகும் அந்நியருக்கு ஆயிரம் குறிப்பு எழுதுபவர், இங்கே அழுது நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டாமா?

குளிர்பெட்டி வேண்டாதவருக்கும் இது பொருந்தும். 2007-ல் கிறைஸ்ட்சர்ச்சில் ஜேம்ஸ் டகமோரே இறந்தபோது, துணைவியார் அங்கேயே அடக்கம் செய்ய விரும்பினார். மாவோரி உறவினர் உடலைப் பூர்வீக ஊருக்குக் கொண்டுபோய் அடக்கினர். வழக்கு ஐந்தாண்டு நடந்தது. உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவருக்கே முடிவெடுக்கும் உரிமை, இறந்தவர் விருப்பத்தையும் குல வழக்கத்தையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, எழுதி வைப்பதோடு, அதை மதிக்கும் ஒருவரை நியமிப்பதும் முக்கியம்.

பவர் ஆஃப் அட்டர்னி உயிரோடு இருக்கும்வரைதான். பின்பு உயில்தான் பேசும். அதில் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவர் சாட்சியாகக் கூடாது. தகனம் வைகுமேட்டேயிலா, ஊரிலா. கிரியை யார் செய்வது. அஸ்தி எங்கே கரைப்பது — இவற்றை ஆக்லாந்து அன்பர்கள் தனித்தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது நலம். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.